சுவரில் இருந்த கணக்கு

2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, டெல்டாவில் மழை பிடித்துக்கொண்டது. இன்னும் பத்து நாளில் அறுத்துவிடலாம் என்று நின்ற சம்பா அப்படியே தண்ணீரில் சாய்ந்தது. சித்தப்பா வயலில் கதிர் முளைவிட்டிருந்தது. ஒரு கதிரைப் பிடுங்கி வந்து திண்ணையில் வைத்தார். நெல்மணியின் முனையில் வெள்ளையாக, நகக்கணு அளவுக்கு முளை.

நிவாரணத்துக்குக் கணக்கெடுக்கிறார்கள் என்றார்கள். எடுத்தார்கள். பட்டியலில் சித்தப்பா பெயர் இல்லை.

"நெட்டுலதான் எல்லாம் இருக்குன்னு சொல்றாங்களே, பாருடா" என்றார். பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், போனுக்கு வரும் ஓ.டி.பி. அவ்வளவுதான். நிலத்தின் பரப்பு சரியாக இருந்தது. நன்செய் என்பதும் சரி. பட்டாதாரர் பெயரும் சரி. நிலம் சென்னையில் இருக்கும் ஒருவருடையது. முப்பது வருடத்துக்கு மேலாக அதை உழுவது நாங்கள், வாய்வார்த்தைக் குத்தகை. அடங்கலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அதிலும் உரிமையாளர் பெயரே ஏறியிருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சித்தப்பா. ஒங்க பேருதான் இல்ல."

"அப்ப என்னடா சரியா இருக்கு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்கான பதில் என்றும் சொல்ல மாட்டேன். இலக்கிய வாசகனாக எனக்குப் பிரதியை வாசிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அரசு எழுதுவதும் பிரதிதான். கதையை, கவிதையை வாசிப்பதுபோல யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள் என்று அதையும் வாசித்துப் பார்க்கலாம் இல்லையா? அந்த முயற்சிதான் இது.

*

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. பெரிய கோயிலுக்கு யாரைக் கூட்டிப்போனாலும் சுவரைக் காட்டி, "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ராஜா கணக்கையெல்லாம் கல்லுல வெட்டி வெளியில வச்சுட்டான் பார்" என்போம். இன்ஸ்டாகிராம் ரீல்களில் இதை இன்னும் சுருக்கி, அன்றே தகவல் அறியும் உரிமை இருந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சித்தப்பாவின் கேள்விக்குப் பிறகு அந்தச் சுவரை இன்னொரு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

அது அபாரமான உரைநடை என்பதில் சந்தேகமில்லை. ராஜராஜன் தான் கொடுத்ததையும் தன் அக்கா கொடுத்ததையும் தன் தேவியர் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்தின் கல்லில் வெட்டச் சொல்கிறான். அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், அதாவது 1010-ல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தது வரைக்கும் நாள் குறித்து எழுதப்பட்டிருக்கிறது. நகைகளைப் பற்றிச் சொல்லும்போது முத்து எத்தனை, எப்படிப்பட்ட முத்து, எடை எவ்வளவு என்று போகிறது. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் பெயர் உண்டு, நெல்லை அளந்த மரக்காலுக்கும் பெயர் உண்டு. இரண்டுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். அளவுகோலையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் அளவைச் சொல்கிறார்கள்.

தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் பட்டியலை வாசித்துப் பார்க்க வேண்டும். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு, பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஒரு வேலி நிலத்தின் விளைச்சல், 100 கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய 400 சாதாரணப் பெண்களின் முகவரி நம்மிடம் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

நிலக் கணக்கு இன்னும் நுணுக்கம். முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. அந்த முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-ல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இறங்கிப் போகிறார்கள். ஒரு ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதில் ஊர் இருக்கும் இடம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்துக்கு இவ்வளவு நெல் என்று முடிக்கிறார்கள். வேலி, மா என்ற அந்த அளவைகள் இன்னும் சாகவில்லை. எங்கள் ஊரில் இன்றைக்கும் யாரும் ஹெக்டேர் என்று பேசுவதில்லை. சித்தப்பா உழுவது அஞ்சு மா. திரையில் அது 0.67.50. மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று விரல்விட்டுச் சொல்லும் ஆள் தன் வயலைத் தசம எண்ணில் பார்த்து, "இது நம்முதா?" என்று கேட்டார். அளவை என்ற ஒன்றில் மட்டும் பார்த்தால் ராஜராஜனின் சுவர் என் சித்தப்பாவுக்கு இணையதளத்தைவிட நெருக்கம்.

ஆனால் பெருமை இங்கே நின்றுவிட வேண்டும்.

*

முதல் சிக்கல், அந்தச் சுவர் வெகுகாலம் யாராலும் படிக்கப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று தஞ்சாவூரிலேயே சரியாகத் தெரியாது. கரிகாலன் என்றார்கள், வேறு பெயர்களும் சொன்னார்கள். கட்டியவனின் பெயரும் கட்டிய கதையும் தினமும் ஜனங்கள் சுற்றிவந்த அதே சுவரில் இருந்தன. 1886-ல் அரசின் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹுல்ஷ் அதைப் படித்துச் சொன்ன பிறகுதான் ராஜராஜன் ஊருக்குள் திரும்பி வந்தான். அந்தச் சுவர்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக அச்சேறின.

யாரும் மறைக்கவில்லை. பூட்டி வைக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் திறந்தே கிடந்தது. இருந்தும் யாருக்கும் தெரியாது. திறந்திருப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று, 216 அடி உயர விமானத்தோடு, உலகத்தில் எங்கும் கிடைக்காது.

இது தஞ்சாவூருக்குப் பழக்கப்பட்ட விஷயம்தான். சரசுவதி மகாலில் மராட்டியர் கால நிர்வாக ஆவணங்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அவை மோடி எழுத்தில் எழுதப்பட்டவை. படிக்கத் தெரிந்தவர்கள் கைவிட்டு எண்ணும் அளவில்தான். தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்ட பிறகே நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் காலத்து வரவுசெலவு கண்ணில் பட்டது. கல்வெட்டுகளை மைப்படி எடுத்தார்களே, அந்தத் தாள்கள் எங்கே இருந்தன? மைசூரில். தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

மைப்படி என்பது எழுத்தின் படம். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தட்டி எடுப்பார்கள். அதில் எழுத்து தெரியும், ஆனால் தேட முடியாது. படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பெயர்த்தெழுத வேண்டும். இப்போது ஏதாவது ஒரு அரசாணையை இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கொஞ்சம் கோணலாக ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அதுவும் எழுத்தின் படம்தான். தேடினால் ஒரு சொல் அகப்படாது. கணினியில் தமிழுக்கு யூனிகோடு முறையே தரம் என்று தமிழ்நாடு அரசு 2010-லேயே ஆணை போட்டது. அதற்குப் பிறகும் மைப்படிதான் எடுத்துக்கொண்டிருக்கிறோம், மெஷின் மட்டும் மாறியிருக்கிறது.

*

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. அந்தச் சுவர் யாரிடம் பேசுகிறது?

மறுபடி வாசித்தால் ஒன்று புலப்படும். ஊர்ச் சபைகள் கோயில் பணத்தை வாங்கியிருக்கின்றன. ஒரு காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எந்த ஊர் எவ்வளவு வாங்கியது, வட்டியை எப்படிக் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. எந்த ஊர் காவலுக்கு ஆள் அனுப்ப வேண்டும், எந்த ஊர் கணக்கு எழுத ஆள் அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. ராஜா கொடுத்ததாகச் சொல்லும் பொன் எங்கிருந்து வந்தது? போர்களில் வென்று கொண்டுவந்தது என்று அவனே சொல்கிறான். அதற்கு மேல் அவனிடம் யாரும் கேட்க முடியாது. ஊர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். கேட்பவன் ராஜா.

அதனால்தான் இதை ஆர்.டி.ஐ. என்று அழைப்பது தப்பு என்கிறேன். கணக்கு வெளியே இருந்தது, கேள்வி மேலிருந்து கீழே வந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டு இதில் ஒரு படி மேல். 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அந்தக் குடவோலை விதிகளில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது என்று இருக்கிறது. இன்றைக்கு வாசித்தாலும் ஆசையாக இருக்கும் விதி. ஆனால் அங்கேயும் நிற்க வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர் அது. அவர்களுக்குள் அவர்கள் கணக்குக் கேட்டுக்கொண்டார்கள்.

பெரிய கோயில் சுவரில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. அந்தச் சேரியில் இருந்தவர்கள் விளைவித்த நெல்தான் கலம் கலமாகக் கோயிலுக்குப் போயிருக்கும். அவர்களுடைய குடியிருப்பு சுவரில் ஒரு கழித்தல் கணக்காக இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை. அவர்களின் வம்சத்தார் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய் நிற்க 1939 ஆக வேண்டியிருந்தது. அந்த வருடம்தான் அரண்மனை தேவஸ்தானக் கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறக்கப்பட்டன.

சித்தப்பா பெயர் அடங்கலில் இல்லாததை நான் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றல்ல, தெரியும். சித்தப்பா தீண்டாச்சேரிக்காரர் இல்லை. எங்கள் சாதிக்குக் கோயில் கதவு திறந்தே இருந்தது. ஆனால் இரண்டு ஆவணத்திலும் நிலம் கீழ்முந்திரி வரைக்கும் துல்லியமாக இருக்கிறது, உழுதவன் இல்லை. ஆவணத்தின் துல்லியத்தைப் பார்த்து அது நியாயமானது என்று நம்பிவிடுகிறோம்.

*

கல்லுக்கும் திரைக்கும் நடுவில் கணக்குப்பிள்ளை இருந்தார். பரம்பரைக் கர்ணம். ஊர்க் கணக்கு அவர் வீட்டுப் பெட்டியில், பரணில் இருந்தது. தாத்தா சொல்வார், "கணக்குப்புள்ள வீட்டுத் திண்ணையில ஒக்காந்து எந்திரிச்சாத்தான் நம்ம நெலம் நம்ம நெலம்." 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. வி.ஏ.ஓ. வந்தார். அதே காலகட்டத்தில் யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அப்போது ஏறிய பிழைகள் இன்றைக்கும் கோர்ட்டுக்கு நடக்கின்றன. "யூ.டி.ஆர். தப்பு" என்பது டெல்டாவில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் சொல்லும் சொல். பிறகு கணினி, பிறகு இணையம். "எங்கிருந்தும் எந்நேரமும்" என்கிறது நிலப் பதிவேட்டு இணையதளம். உண்மைதான். துபாயில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் நிலத்தின் பட்டாவைப் பார்க்கலாம். திண்ணையில் உட்கார வேண்டியதில்லை. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன், பெரிய விடுதலை அது.

ஆனால் பெட்டியில் இருந்த பிழை அப்படியே திரைக்கு வந்திருக்கிறது. முன்பு கணக்குப்பிள்ளையிடம் சண்டையாவது போடலாம். குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. தாத்தா ஏன் பதியவில்லை என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"பதியப் போனா அடுத்த போகம் நெலம் இருக்குமாடா? அவரு நல்லவருதான். ஆனா பேப்பர்னு வந்துட்டா யாரும் நல்லவரு இல்ல."

இணையதளத்தில் இந்தப் பயத்துக்குப் பத்தி கிடையாது. தகவல் தொழில்நுட்பம் என்ன செய்யும் என்றால், எழுதப்பட்டதை வேகமாகக் கொண்டுவந்து காட்டும். எழுதப்படாததை அது கண்டுபிடிக்காது. எழுதப்படாததை இல்லாததாக ஆக்கிவிடும், அதுவும் வேகமாக.

*

ஆர்.டி.ஐ. போட்டேன். தகவல் அறியும் உரிமைக்கு 1997-லேயே சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. அதில் விலக்குகள் அதிகம், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டம்தான் உயிருள்ளது. பத்து ரூபாய், முப்பது நாள். கேள்வி முதல்முறையாகக் கீழிருந்து மேலே போகிறது. ராஜராஜனின் சுவரோடு ஒப்பிட்டால் இதுதான் உண்மையான திருப்பம்.

நான் கேட்டது மூன்று விஷயம். எங்கள் கிராமத்தில் பயிர்ச் சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், வயலை நேரில் பார்த்த தேதிகள், குத்தகை விவசாயிகளைச் சேர்க்காததற்குக் காரணம். முப்பது நாள் தாண்டிப் பதில் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, அது முக்கியமுமில்லை. முதல் கேள்விக்கு வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. இரண்டாவதுக்கு, அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை. மூன்றாவது வினா வடிவில் உள்ளதால் தகவல் என்ற வரையறைக்குள் வராது.

இந்த மூன்று வாக்கியத்தையும் விமர்சகனாக வாசித்தால், எல்லாம் செயப்பாட்டுவினை. மாற்றப்பட்டுள்ளது, பராமரிக்கப்படவில்லை. மாற்றியது யார், பராமரிக்காதது யார்? எழுவாய் இல்லாத உரைநடை. இப்போது சுவரை நினைத்துப் பாருங்கள். அங்கே இன்ன ஊரான், இன்ன தெருவில், இன்ன வீட்டில் என்று ஆளைக் கைகாட்டி நிறுத்துகிறார்கள். மேலே இருப்பவன் கேட்கும்போது கீழே இருப்பவனுக்குப் பெயரும் முகவரியும் இருக்கிறது. கீழே இருப்பவன் கேட்கும்போது மேலே இருப்பவனின் பெயர் இலக்கணத்துக்குள் மறைந்துவிடுகிறது. தமிழில் செயப்பாட்டுவினை இயல்பாக அதிகம் வராது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அரசுக் கடிதத்தில் வரும் அளவுக்கு அது வேறெங்கும் வருவதில்லை.

மூன்றாவது பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. "ஏன்" என்று கேட்டால் அது தகவல் இல்லை. சட்டப்படி அதில் நியாயம் உண்டு. கோப்பில் இருப்பதைத்தான் தர முடியும். ஆனால் சித்தப்பாவுக்கு வேண்டியது அந்த "ஏன்" மட்டும்தான்.

*

நடக்கவே நடக்காது என்று சொல்லவரவில்லை. டெல்டாவில் ஒரு அரசு எழுத்து இருக்கிறது, எல்லோரும் வாசிக்கிறார்கள். மேட்டூர் அணை நிலவரம். நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம். நான்கே வரி. காலையில் வாட்ஸப்பில் வந்துவிடும், அதற்கு முன்னால் பேப்பரிலும் ரேடியோவிலும் வந்துகொண்டிருந்தது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., 120 அடி, ஜூன் 12 என்பதெல்லாம் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் மனப்பாடம். டீக்கடையில் ஒருவர் எண்ணைச் சொன்னால் இன்னொருவர் நாற்று விடலாமா வேண்டாமா என்று முடிவு சொல்வார். இந்த நான்கு வரி ஏன் வேலை செய்கிறது? வாசகருக்கு அளவை தெரியும். தினமும் வருகிறது. நேற்றையதோடு ஒப்பிடலாம். பொய் சொன்னால் ஆற்றில் தெரிந்துவிடும்.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்புச் சொன்னது, தமிழ்நாட்டுக்கு 192 டி.எம்.சி. அது மத்திய அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரியில். ஆறு வருடம் தீர்ப்பு இருந்தது, எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வெளியிடப்படாததால் நடைமுறைக்கு வரவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. பிரசுரம் என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று இலக்கியக்காரர்களைவிட டெல்டா விவசாயிக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் குழுவுக்கு வரும் செய்தி கல்லணையோடு நின்றுவிடுகிறது. காவிரியில் இவ்வளவு, வெண்ணாற்றில் இவ்வளவு, கல்லணைக் கால்வாயில் இவ்வளவு, கொள்ளிடத்தில் இவ்வளவு. அதற்குப் பிறகு கிளை வாய்க்காலில், கடைமடையில் எவ்வளவு என்று எண் கிடையாது. அங்கே மறுபடி ஆள் பார்த்து, காலில் விழுந்து, மடையில் ராத்திரி காவல் இருந்துதான் தண்ணீர். எண் நிற்கும் இடத்தில் உரிமையும் நின்றுவிடுகிறது.

*

ராஜஸ்தானில் தொண்ணூறுகளில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்காரர்கள் செய்தது ரொம்ப எளிமையான காரியம். வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டை வாங்கி, ஊர் நடுவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி எழுதியிருப்பது அப்போது வெளியே வந்தது. 2005-ஆம் வருடச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அந்த ஜன் சுன்வாய். அங்கே தொழில்நுட்பம் ஒன்றுமில்லை, குரல்தான். பதிவேடு வாசிக்கப்படும்போது பக்கத்தில் சம்பந்தப்பட்டவர் இருக்க வேண்டும், "அது நான் இல்லை" என்று அவர் சொல்ல முடிய வேண்டும். கல்லோ பி.டி.எஃப்.போ, இந்த இரண்டாவது குரல் இல்லாவிட்டால் அது அறிவிப்பு மட்டுமே.

நம்மூரில் அதற்கு இடம் இல்லாமல் இல்லை. கிராம சபை இருக்கிறது. அங்கே அடங்கலை சர்வே எண் வாரியாக வாசித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சண்டை வரும். நில உரிமையாளர் ஆள் அனுப்புவார். சித்தப்பாவே வேண்டாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போகலாம். தெரிந்துகொள்ளும் உரிமைக்கும் அதைச் சொல்லிவிட்டு ஊரில் குடியிருக்கும் தைரியத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எந்த இணையதளமும் குறைக்காது. நம் எழுத்தாளர்களும் அந்தத் தூரத்தைக் கொஞ்சமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். காவிரியைப் பற்றி இவ்வளவு அழகாக எழுதிய தஞ்சை உரைநடையில் அடங்கல் எழுதும் வி.ஏ.ஓ.வும், அவர் முன்னால் துண்டை இடுக்கிக்கொண்டு நிற்கும் குத்தகைக்காரரும் இன்னும் நிறைய வர வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, போனில் இறக்கிவைத்திருந்த எங்கள் பக்கத்துச் சர்வே எண்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பட்டாதாரர் பெயரை நான் சொல்ல, உழுகிறவர் பெயரைச் சித்தப்பா சொன்னார். பதினான்கு எண் வாசித்ததில் ஒன்பதில் இரண்டும் வேறு வேறு. நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டோம்.

"இத யாருகிட்ட குடுக்கப் போற?" என்றார்.

"தெரியல சித்தப்பா. மொதல்ல எழுதி முடிப்போம்."

"அப்ப அந்த மேலத்தெரு எட்டு மாவையும் சேத்துக்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.